பால் பொங்கியதா என்பது பற்றிய விசாரணை

வெளிநாட்டவர் ஒருவர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சின்னதாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொள்ளலாம். யாரும் தடுக்கவில்லை. அதற்கு அனுமதி தரும் அயல்வாசிகள் இல்ல இசைவு வாரியத்தின் வரவேற்புக் கூடத்தில் ஆள் உயரப் பலகை ஒன்று உண்டு. அதில் ஒரு குடும்பம் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். கீழே, ‘உங்கள் கனவு எங்கள் கடமை’ என்று எழுதியிருக்கும். அந்தப் பலகைக்கு எதிர் நாற்காலியில் கந்தப்பு உட்கார ஆரம்பித்தபோது படத்திலிருந்த குழந்தையின் சட்டை சிவப்பாக இருந்தது. இப்போது வெயில் பட்டு வெளுத்துவிட்டது. இதை வாரியத்தின் கவனக்குறைவு என்று சொல்லக் கூடாது. பலகையைச் சன்னலோரம் வைத்தது வேறு இலாகா.

கந்தப்புவுக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை உண்டு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிலருக்குக் கொழுப்பு இருக்கிறது, அவருக்கு இது இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த தாத்தா மலாயாவில் கணக்கெழுதும் அரசாங்கக் கிராணி. அப்பா ரயில்வே. கந்தப்பு சிங்கப்பூரில் பிறந்து, அங்கே பொதுப்பணியில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். கோப்பு என்று ஒன்றைத் திறந்தால் அது ஒருநாள் முடிந்தே தீரும் என்பது அந்தக் குடும்பத்தில் முருகனுக்கு அடுத்த நம்பிக்கை.

அவர் மனைவி திலகம் ஜொகூரின் கோத்தா திங்கியில் பிறந்தவர். கல்யாணமாகிப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனபோது அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கிக்கொண்டு இந்த நாட்டுக் குடியுரிமையை ஒப்படைத்துவிட்டார். கணவர் ஓய்வு பெற்றதும், பிறந்த ஊர்ப் பக்கம் போய் இருக்கலாம் என்று ஆசைப்பட்டார். சிங்கப்பூர் வீட்டை விற்றுவிட்டு, நீண்டநாள் தங்கும் பாஸ் எடுத்துக்கொண்டு, இருவரும் ஜொகூரில் தம்போய்க்கு வாடகைக்கு வந்தார்கள். இப்படியாகத் திலகம் சொந்த மாநிலத்தில் அயல்வாசி ஆனார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவருக்கு அது தெரியாது.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு எப்போதும் ஏதாவது நல்ல காரியம் வந்துகொண்டே இருக்கும். ஒருவருக்கு மகன் கல்யாணம். இன்னொருவர் வார இறுதிச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் லாபம் என்று கண்டுபிடித்தார். வீடு மாறிக்கொண்டே இருந்தது. இதற்கு நடுவில் திலகத்துக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் கிழமைகள். கை மட்டும் மறக்கவில்லை. பழகிய சமையலறையில் விட்டால் பேசிக்கொண்டே ரசம் வைத்து இறக்கிவிடுவார். வீடு மாறியதும் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நின்று அழுவார். அப்படி அழுதுகொண்டு நிற்பவரைக் கந்தப்பு கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைப்பார்.

டாக்டர் சொன்னது இதுதான்: ஒரே சமையலறை வேண்டும், அதை இனிமேல் மாற்றவே கூடாது. அது அமைந்தால் இன்னும் சில வருஷத்துக்கு இவர் இவராகவே இருப்பார். அந்த உறுதியை வாடகை வீட்டில் யார் தருவார்? அதனால்தான் கந்தப்பு சொந்த வீடு தேடினார். விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் வாரியம்.

டெஸ்மண்ட் என்பவர் தம்போயில் கார்ப் பட்டறை வைத்திருப்பவர். பட்டறைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் அவருக்கு ஒரு சின்ன வீடு சும்மா கிடந்தது. சன்னலைத் திறந்தால் பட்டறையின் தகரக் கூரை, அதற்கு அப்பால் இன்னொரு தகரக் கூரை. கந்தப்புவுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் பார்க்கப் போன அன்று திலகம் நேராகச் சமையலறைக்குள் போய், அடுப்புக்கு இடப்பக்கம் இருந்த இழுப்பறையைத் திறந்து, “கரண்டியெல்லாம் இதுல வெச்சுக்கலாங்க” என்றார். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது, அந்த இழுப்பறைக்குள் தாள் விரிக்க வேண்டும் என்றார். முந்தின நாள் பார்த்த ஒன்றைத் திலகம் மறுநாள் ஞாபகம் வைத்திருந்து வெகு காலம் ஆகியிருந்தது. கந்தப்பு அன்றைக்கே விண்ணப்பம் போட்டார்.

முகப்பில் இருந்த அதிகாரி செல்வராணி, மனசு நல்ல பெண். நல்ல மனசோடுதான் முதல் தடையைச் சொன்னார். சின்ன வீடுகள் உள்ளூர்க்காரர்களுக்கானவை. அயல்வாசி அதை வாங்க வேண்டுமென்றால், உள்ளூரில் யாருக்கும் அந்த வீடு வேண்டாம் என்பது நிரூபணமாக வேண்டும். அதற்கு ‘விருப்பமின்மைச் சான்று’ என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் வந்து, வீட்டை முழுக்கச் சுற்றிப் பார்த்து, தங்களுக்கு இது வேண்டவே வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் போட்டால் செல்லாது.

டெஸ்மண்ட் தன் பட்டறை ஆட்களைக் கூட்டி வந்தார். ஒவ்வொருவராக வந்து குழாயைத் திறந்து பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டை விற்க நினைத்த டெஸ்மண்டே வாசலில் நின்று, வீட்டின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பதற்கான காரணம் வலுவாக இருக்க வேண்டும் என்பது விதி. சாஆ என்ற ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞன் மட்டும், திலகம் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, ‘யோசிக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டான். அவன் யோசித்து முடிக்கும்வரை வாரியம் காத்திருந்தது. வாரியத்துக்குக் காத்திருப்பதில் நல்ல அனுபவம் உண்டு.

அவன் ஒருவழியாக யோசித்து முடித்துக் கூலாயில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, அடுத்த சிக்கல் முளைத்தது. கந்தப்புவின் அயல்தன்மையில் வாரியத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் பேசும் மலாய் மிகவும் சுத்தமாக இருக்கிறதாம். போதாததற்கு, வாரியத்தின் கேண்டீனில் அவர் கையால் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டதையும், சம்பல் போதவில்லை என்று கேட்டு வாங்கியதையும் ஓர் அலுவலர் பார்த்திருக்கிறார். உள்ளூர்க்காரர் என்றால் அயல்வாசி விண்ணப்பம் செல்லாது. அயல்வாசி என்றால் இவ்வளவு உள்ளூராக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று கந்தப்பு பணிவாகக் கேட்டார். வரிசையில் நிற்கச் சொன்னார் செல்வராணி.

கடைசியில் ஒரு நேர்காணல் வைத்தார்கள். கந்தப்பு ஓர் அயல்வாசிதான் என்பதற்கு டெஸ்மண்ட் சாட்சி சொன்னார். இந்த அங்கிளுக்குத் தம்போயில் ஒரு வழியும் தெரியாது, சாலைக் கட்டணத்துக்கு எந்த அட்டை என்று இன்னும் குழம்புவார், லாரிக்காரர்கள் ஒலியெழுப்பினால் மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் அடுக்கினார். கடைசியாகச் சொன்னதுதான் குழுவைத் திருப்திப்படுத்தியது. கந்தப்பு அயல்வாசி என்று முத்திரை விழுந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் திலகத்திடம் அந்தத் தாளைக் காட்டி, பெரிய பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போலச் சிரித்தார்.

அப்புறம்தான் அவர் அந்தத் தவறைச் செய்தார். கோப்பு மேலே போய்விட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று செல்வராணி சொல்லியிருந்தார். ஆவணி முடியப் போகிறது. புரட்டாசியில் பால் காய்ச்ச முடியாது. ஐப்பசிவரை தள்ளிப் போட்டால், திலகத்துக்குப் பால் காய்ச்சத் தெரியும் என்பதற்கு யார் உத்தரவாதம்? அந்தப் பயத்தில் டெஸ்மண்டிடம் ஒரு காலைப் பொழுதுக்குச் சாவியைக் கேட்டார். டெஸ்மண்ட் கத்தோலிக்கர். இருந்தாலும் நல்ல நாள் என்றால் நல்ல நாள்தானே என்று சாவியைக் கொடுத்ததோடு, வாழைப்பழமும் வாங்கி வந்தார். சாமி படம் ஒன்று, விளக்கு ஒன்று, பால் ஒரு பொட்டலம். திலகம் காய்ச்சினார். பால் பொங்கியது. மூன்று பேரும் குடித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மூன்று தலைமுறை அரசாங்க உத்தியோகம் சும்மா விடுமா? நம் வீட்டு நல்ல காரியத்துக்கு ஆபீசில் உள்ளவர்களைக் கூப்பிடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று கந்தப்புவுக்குப் பட்டது. முந்தின வாரமே வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்ப சமேதராக வந்து வாழ்த்தும்படி மஞ்சள் தடவிய அழைப்பிதழ் அனுப்பிவிட்டார். யாரும் வரவில்லை. ஆனால் அழைப்பிதழ் வந்து சேர்ந்ததற்கு முத்திரை போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். வாரியத்துக்கு அவர் கொடுத்தவற்றில் தாமதமே இல்லாமல் மேலே போனது அது ஒன்றுதான்.

இசைவு கிடைக்கும் முன் வீட்டைப் பார்க்கலாம், குடிபுகக் கூடாது என்பது விதி. குடிபுகுந்திருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. பால் காய்ச்சுவது பார்வையிடுதலா, குடிபுகுதலா? இதைத் தீர்மானிக்க ஓர் உண்மை கண்டறியும் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ரூபேந்திரன். தமிழர், பண்பாட்டில் பிடிப்புள்ளவர், பல மேடைகளில் மாலை வாங்கியவர். இந்தப் பொருளில் வாரியத்தில் அவரைவிட்டால் ஆள் இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவரும் ஒத்துக்கொண்டார்.

விசாரணை அன்று கந்தப்பு பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். திலகத்துக்கும் சாட்சி அழைப்பு வந்திருந்தது. ரூபேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“திரு கந்தப்பு, பயப்படாதீங்க. நான் இந்த நாற்காலியில உட்கார்ந்து இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் அநியாயம் செஞ்சதில்ல. ஏன்னா, ஒருத்தருக்கும் எதுவுமே செஞ்சதில்ல. நம்ம வாரியத்துக்கு இருக்கற நல்ல பேரே அதனாலதான்.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தலைவர் சட்ட விளக்கத்துக்கு வந்தார். அடுப்பில் வைத்த பால் சூடாகி அப்படியே நின்றால், அது தேநீர் போடுவதோடு சேர்த்தி. தேநீர் போடுவது பார்வையிடுதலில் அடங்கும். பொங்கி வழிந்தால் மட்டுமே அது குடிபுகுதல். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று ஓர் உறுப்பினர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

“சட்டத்துல இல்ல. பண்பாட்டுல இருக்கு. பண்பாட்ட விட்டுட்டுச் சட்டத்தப் பார்க்கற ஆள் நான் இல்ல” என்றார் ரூபேந்திரன்.

முதலில் திலகத்தை விசாரித்தார்கள். எந்த நாடு என்று கேட்டதற்குக் கோத்தா திங்கி என்றார். அது வெளிநாடு அல்லவே என்று குழு தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசியது. பால் பொங்கியதா என்று கேட்டதற்கு, எந்தப் பால் என்று கேட்டார். பிறகு தலைவருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று விசாரித்தார். ‘சாட்சி தன் நாட்டை அறியாதவர், பாலை அறியாதவர், விசாரணையில் ஆர்வமுள்ளவர்’ என்று செல்வராணி குறித்துக்கொண்டார்.

ஆக எல்லாம் கந்தப்புவின் வாயில் வந்து நின்றது. இடைவேளையில் டெஸ்மண்ட் அவரை நடைபாதைக்கு இழுத்துப் போய்ப் பேசினார்.

“அங்கிள், பொங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க லா. அவ்ளோதான். வீடு ஒங்களுது. ஆன்ட்டிக்காகச் சொல்லுங்க.”

இதைப் படிக்கிறவர்களுக்கு அது சுலபமாகத் தெரியலாம். புது வீட்டில் வைத்த பால் பொங்கவில்லை என்று தன் வாயால் சொன்ன தமிழர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? பால் திரிந்து போனாலும், அடுப்பே பற்றாமல் போனாலும், நல்லா பொங்கிச்சு என்று சொல்லிவிட்டுத்தான் நாம் அடுத்த வேலையைப் பார்ப்போம். கந்தப்பு நடைபாதையிலேயே ஒத்திகை பார்த்தார். “பொங்...” என்பதோடு நாக்கு நின்றுவிட்டது. மனைவி இப்படி இருக்கும்போது, அவள் கையால் காய்ச்சிய பால் பொங்கவில்லை என்று சொன்னால், அந்தச் சொல் போய் எங்கே விழும்? யார் தலையில் விழும்?

மறுபடி உள்ளே போனார்கள். ரூபேந்திரன் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பால் பொங்கவில்லை என்று சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, பேனா மூடியைக்கூடத் திறந்து வைத்துவிட்டார். கந்தப்பு பேனாவைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலகத்தைப் பார்த்தார். திலகம் அவர் கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார்.

“நல்லா பொங்கிச்சுங்க” என்றார் கந்தப்பு. “கிழக்குப் பக்கமாத்தான் வழிஞ்சுச்சு.”

டெஸ்மண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் மெச்சுதல் தெரிந்தது. கிழக்கு ரொம்ப விசேஷம் என்று பக்கத்து உறுப்பினரிடம் சொன்னார். ஆனாலும் விண்ணப்பதாரரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிப்பது வாரியத்தின் வழக்கமில்லை. பெருமைக்காகப் பொங்காததைப் பொங்கியதாகச் சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு என்று தலைவருக்குத் தெரியும். அவர் வீட்டுப் பாலே அப்படித்தானாம். ஆகவே குழு நேரில் வந்து, அதே அடுப்பில், அதே கையால் பால் காய்ச்சச் சொல்லிப் பார்க்கும் என்று தீர்ப்பானது. பொங்காவிட்டால் சந்தேகத்தின் பலன் கந்தப்புவுக்கு.

டெஸ்மண்டுக்கு உயிர் வந்தது. பாத்திரத்தைப் பற்றிக் குழு ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். தேவாலயத்தில் திருவிழாவுக்குக் கஞ்சி காய்ச்சும் பெரிய சட்டியை இரவல் வாங்கி வந்தார். அதில் ஒரு பொட்டலம் பாலை ஊற்றினால் அடியை நனைக்கும், அவ்வளவுதான். நாள் முழுக்கக் கொதித்தாலும் வழியாது. யாரும் பொய் சொல்ல வேண்டாம், சகுனத்துக்கும் பழுதில்லை. கந்தப்பு வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

குழு இரண்டு வேனில் வந்தது. பால் காய்ச்சுவதைப் பார்க்க இத்தனை பேர் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒருவர் படம் எடுக்க, ஒருவர் அடுப்பின் சூட்டை அளக்க, ஒருவர் கிழக்கு எது என்று சொல்ல, மற்றவர்கள் மதிய உணவுக்கு. சின்ன வீடு நிறைந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே பட்டறை ஆட்கள் தகரக் கூரைமேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

வாசலில் இத்தனை பேரைக் கண்டதும் திலகம் நிமிர்ந்து நின்றார். அவர் முகமே மாறிவிட்டது. மற்ற நேரத்தில் எல்லாரையும் போலப் பேசுகிறவர்தான், விருந்தாளி வந்துவிட்டால் மட்டும் அவர் அம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சு வந்துவிடும். “வாங்கோ, வாங்கோ, உள்ள வந்து இருங்கோ” என்று எல்லாரையும் அழைத்தார். அடுப்பில் டெஸ்மண்ட் ஏற்றி வைத்திருந்த சட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். அதை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, பின்பக்கமாகக் கையை விட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தார்.

அன்றைக்குப் பால் காய்ச்சிய பாத்திரம். கழுவி அங்கே வைத்துவிட்டு வந்தது கந்தப்புவுக்கே நினைவில்லை. திலகத்துக்கு நினைவிருந்தது. விளக்குப் போடக் கை தானாகச் சுவரில் பொத்தானைத் தொட்டது. இடப்பக்க இழுப்பறையைப் பார்க்காமலே திறந்து கரண்டியை எடுத்தது. யாரையும் எதையும் கேட்கவில்லை. வெளியே போய் யோசித்திருந்தால் இது பெரிய ஆபத்து என்று கந்தப்புவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குச் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. டாக்டர் சொன்னது நிஜம், இந்தச் சமையலறை அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று டெஸ்மண்டின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பால் ஏறியது. நுரை கட்டியது. விளிம்பைத் தாண்டி, நாலு பக்கமும் பார்க்காமல், நேராகக் கிழக்கே வழிந்தது. அறையில் இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் தங்களை மறந்து கைகூப்பினார்கள். ரூபேந்திரன் முதலில் கூப்பினார். கூரைமேல் நின்றவர்கள் கைதட்டினார்கள். திலகம் சர்க்கரை போட்டு எல்லாருக்கும் கொடுத்தார். தலைவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

“திரு கந்தப்பு, எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். இப்படிப் பால் பொங்கிப் பார்த்ததில்ல. அம்மா இந்த வீட்டுல எவ்ளோ உரிமையாப் பழகறாங்க. பாத்திரம் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு எடுக்கறாங்க. இது ஒங்களுக்குன்னே அமைஞ்ச வீடு. அதுல சந்தேகமே இல்ல. சந்தேகம் இருந்திருந்தா குடுத்திருப்பேன்.”

தள்ளுபடிக் கடிதம் மட்டும் மின்னல் வேகத்தில் வந்தது. குடிபுகுந்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்றும், குடிபுகுந்ததன் தடயங்கள் முற்றிலும் நீங்கிய பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. தடயம் என்றால் என்ன என்று கேட்கக் கந்தப்பு நேரில் போனார். செல்வராணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

“பாத்திரத்த எடுத்துட்டீங்க அங்கிள், அது சரி. ஆன்ட்டிக்கு அந்த வீடு ஞாபகம் இருக்கக் கூடாதாம். மறந்துட்டாங்கன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்தா, புது ஃபைல் தொறந்துர்றேன்.”

கந்தப்பு அரசாங்கத்தைத் திட்டி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் திட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டு, பலகைக்கு எதிர் நாற்காலியில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். பஸ்ஸில் வரும்போது அழுதார். பக்கத்தில் இருந்தவர், வெயில் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது என்று சன்னல் திரையை இழுத்துவிட்டார்.

டெஸ்மண்ட் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஓர் உள்ளூர்க் குடும்பத்துக்கு விற்றார். விற்ற அன்று வந்து கந்தப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அதே சமயம் வாடகை வீட்டுக்காரருக்கு இன்னொரு நல்ல காரியம் வந்ததால், கந்தப்பு தம்பதியர் மறுபடியும் வீடு மாறினார்கள். இந்த முறை நாலாவது மாடி. சமையலறை மேற்குப் பக்கம்.

திலகத்துக்கு மற்றதெல்லாம் வேகமாகப் போய்விட்டது. சிங்கப்பூர் போய்விட்டது, பாலம் போய்விட்டது, வாடகைக்கு இருந்த வீடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டெஸ்மண்டின் வீடு மட்டும் போகவில்லை. லிஃப்டை விட்டு இறங்கினால் வலப்பக்கம், அடுப்புக்கு இடப்பக்கம் கரண்டி, சன்னலுக்கு வெளியே தகரம். டாக்டர் ஆச்சரியப்பட்டார். அவ்வளவு உறுதியாக ஓர் இடம் பதிவது அபூர்வம் என்றும், எந்தக் காரணம் கொண்டும் அந்த வீட்டை மாற்றிவிட வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போகலாம் என்று திலகம் கேட்டபோதெல்லாம், முதலில் சில நாள் கந்தப்பு அங்கே காரில் கூட்டிக்கொண்டு போனார். அந்த அடுக்குமாடியின் கேட்டில் இருந்த காவலர், உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, வீட்டுக்குப் போகிறோம் என்றார் திலகம். காவலருக்குக் கந்தப்புவைத் தெரியும். வண்டியைத் திருப்ப வசதியாகக் கேட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டார். திரும்பும்போது திலகம் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே, நாம் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்டார். அதற்கப்புறம் கந்தப்பு அந்தப் பக்கம் போவதில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் திலகம் தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கூடத்துச் சோபாவின் விளிம்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கைப்பை மடியில் இருக்கும். காலை நீட்டி உட்கார மாட்டார். மேசையில் இருப்பது அவருடைய தேநீர்தான் என்றாலும், யாராவது குடிக்கச் சொல்லும்வரை தொட மாட்டார். நேற்றும் அப்படித்தான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கந்தப்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்னங்க, இந்த வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க? சொல்லிட்டுக் கெளம்பலாம். எவ்ளோ நேரந்தான் அடுத்தவங்க வீட்ல உட்கார்ந்திருக்கறது?”

கந்தப்பு அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“இப்ப வந்துருவாங்க” என்றார். பிறகு அவரும் சோபாவின் விளிம்புக்கு நகர்ந்து, வாசலைப் பார்த்து நேராக உட்கார்ந்துகொண்டார்.